பச்சை ஜன்னல் தெரு வரை: லிஸ்பனில் ஐந்து நாள் நடை

முதல் நாள், வெள்ளி

போர்ச்சுகலின் தலைநகரான லிஸ்பனில் நான் முதலில் வாங்கிய பொருள் ஆறு பொத்தான்கள். சட்டையில் ஒன்று விமானத்தில் எங்கோ விழுந்துவிட்டது. அக்கா மகள் இந்த ஊரில் மேற்படிப்பு படிக்கிறாள். கிராசா மேட்டில் அவள் எடுத்திருக்கும் சிறிய வீட்டில்தான் தங்கியிருக்கிறேன். காலையில் வகுப்புக்குக் கிளம்பும்போது, "மாமா, கொன்செய்சாவ் தெருவுக்குப் போங்கள். அங்கே இல்லாத பொத்தான் வேறெங்கும் கிடைக்காது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கொன்செய்சாவ் தெரு, நகரின் பள்ளப் பகுதியான பாய்ஷாவில் இருக்கிறது. நூல், ஊசி, நாடா, பொத்தான் விற்கும் பழைய கடைகள் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. நான் நுழைந்த கடை ஓர் ஆள் கை நீட்டினால் இரு சுவரையும் தொட்டுவிடும் அகலம். தரையிலிருந்து கூரைவரை சின்னச் சின்ன இழுப்பறைகள். ஒவ்வொன்றின் முகப்பிலும், உள்ளே இருப்பதற்கு மாதிரியாக ஒரே ஒரு பொத்தானைத் தைத்து வைத்திருக்கிறார்கள். கொம்பு, சிப்பி, மரம், பித்தளை. கடைக்கார அம்மாள் என் சட்டையை உற்றுப் பார்த்துவிட்டு "பொத்தாவ்?" என்றார். "ஆமாம், பொத்தான்" என்றேன். ஏணியை நகர்த்தி ஏறி ஓர் அறையை இழுத்து, அச்சு மாறாத வெள்ளைச் சிப்பிப் பொத்தானை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

வெளியே வந்து, மஞ்சள் டிராம் ஒன்று சுவரை உரசுவது போலக் கடந்து போன பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் தமிழில் கேட்டிருக்கிறேன், அவர் தம் மொழியில் புரிந்துகொண்டிருக்கிறார். சாவி, ஜன்னல், அலமாரி, மேஜை, ஏலம், பாதிரி எல்லாம் போர்ச்சுகீசியரிடமிருந்து வந்தவை என்று பள்ளிக்கூடத்தில் திசைச்சொல் பாடத்தில் மனப்பாடம் செய்திருக்கிறேன். பட்டியலில் படித்த சொல்லைக் கொண்டு ஒரு கடையில் பொருள் வாங்கியது இதுதான் முதல் தடவை. ஐந்து நாளும் முடிந்தவரை நடந்தே சுற்றுவது என்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தேன். இப்போது நடப்பதற்கு ஒரு வேலையும் கிடைத்துவிட்டது: நம் வீட்டுச் சொற்கள் இங்கே எந்தக் கதவில், எந்தப் பலகையில் இருக்கின்றன என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

பாய்ஷா முழுவதும் கட்டம் போட்டது போன்ற நேர்த் தெருக்கள். இந்த நேர்த்திக்குப் பின்னால் ஒரு பெரும் துயரம் இருக்கிறது. 1755 நவம்பர் 1, சகல பரிசுத்தவான்களின் திருநாள். காலைப் பூசைக்குக் கூட்டம் கோயில்களில் நிறைந்திருந்த நேரத்தில் நிலம் அதிர்ந்தது. தப்பியவர்கள் திறந்தவெளி தேடி ஆற்றங்கரைக்கு ஓடினார்கள். அங்கே ஆழிப்பேரலை வந்தது. மிஞ்சியதைத் தீ தின்றது, அதுவும் பல நாட்களுக்கு. பின்னாளில் பொம்பால் பிரபு என்று பெயர் பெற்ற அமைச்சரின் பொறுப்பில், பழைய சந்துகளின்மேல் இந்தப் புதிய நகரம் எழுந்தது. சுவர்களுக்குள் குறுக்குச் சட்டங்கள் கொண்ட மரக்கூடு ஒன்றை வைத்துக் கட்டினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் "கூண்டு". மாதிரிக் கூண்டைச் சுற்றிப் படைவீரர்களை அணிநடை போடச் செய்து, அதிர்ச்சியைத் தாங்குகிறதா என்று சோதித்தார்களாம். இந்தக் காரை பூசிய சுவருக்குள் மரம் நிற்கிறது என்று தெரிந்த பிறகு கையை வைத்துப் பார்க்காமல் நடக்க முடியவில்லை.

தெருக்களுக்குத் தொழில்களின் பெயர்: பொன் தெரு, வெள்ளித் தெரு, சப்பாத்தெய்ருஷ் தெரு. கடைசிப் பெயரின் முன் கொஞ்ச நேரம் நின்றேன். செருப்புத் தைப்பவர்கள் தெரு. இலங்கைத் தமிழர்கள் காலணியைச் "சப்பாத்து" என்று இன்றும் சொல்கிறார்களே, அந்தச் சப்பாத்து. இரண்டு தெரு தள்ளி ஒரு சாவிக் கடை. பலகையில் பெரிய எழுத்தில் அந்தச் சொல். இன்றைய லிஸ்பன்காரர்கள் அதை "ஷாவ்" என்று காற்றோடு சொல்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டில் அந்தச் சொல்லின் தொடக்க எழுத்துக்கு நம் "ச்" போன்ற வல்லின ஒலிதான் இருந்தது. அவர்கள் நாக்கு மாறிவிட்டது, நம் வாயில் பழைய ஒலி அப்படியே இருக்கிறது.

மாலையில் ஆற்றங்கரைச் சதுக்கத்துக்கு வந்தேன். நிலநடுக்கம் வரை அரண்மனை இருந்த இடம் இது. இந்தியாவிலிருந்து வந்த மிளகுக்கும் கிராம்புக்கும் கணக்கு வைத்த "இந்திய மாளிகை" அலுவலகமும் இங்கேதான் இருந்தது. கரையிலிருந்து இறங்கும் கற்படிகளில் தேஜு ஆற்றின் தண்ணீர் ஏறி ஏறி இறங்குகிறது. அதைப் பார்த்தபடியே இருட்டிவிட்டது. பொத்தானை இரவு தைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள், சனி

இன்று மருமகளுக்கு விடுமுறை. அவள் முன்னால், நான் பின்னால். (அக்கா மகளும் எனக்கு மருமகள்தான், முறை தெரியாதவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.)

கிராசாவிலிருந்து இறங்கும் வழியில் செவ்வாயும் சனியும் கூடும் பழம்பொருள் சந்தை. அதன் பெயர் "திருடியின் சந்தை". தரையில் போர்வை விரித்துப் பழைய கடிகாரம், கிராமபோன் தட்டு, யாருடைய குடும்பப் படமோ, துருப்பிடித்த சாவிக் கொத்து என்று பரப்பியிருக்கிறார்கள். ஓர் இடத்தில் நீலமும் வெள்ளையுமாக அசுலேஜு ஓடுகள் அடுக்கியிருந்தன. சுவரில் பதிக்கும் பளபளப்பான ஓடு. பெயர் அரபியிலிருந்து வந்தது. ஒன்றை எடுத்தேன். மூலையில் ஒரு பூவின் கால்பாகம், நான்கு ஓடு சேர்ந்தால்தான் பூ முழுமையாகும். விலை கேட்க வாயைத் திறந்தேன்.

"மாமா, திருப்பிப் பாருங்கள்" என்றாள்.

பின்பக்கம் சுண்ணாம்புக் காரை கட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது, ஒரு விரல்நுனிப் பள்ளத்தோடு. ஒரு காலத்தில் ஒரு கொத்தனார் அழுத்திப் பதித்தபோது விழுந்த பள்ளம்.

"சுவரிலிருந்து பெயர்த்ததாக இருக்கலாம். ஒவ்வொருவரும் ஒன்று வாங்கினால் ஒரு வீடு மொட்டையாகிவிடும்."

வீட்டு முகப்புகளிலிருந்து ஓடுகளைப் பெயர்ப்பதற்கு 2017இல் நாடு முழுவதும் சட்டத் தடை வந்திருக்கிறது என்று அவளே சொன்னாள். ஓட்டை அதே இடத்தில் வைத்தேன். பிறகு நாள் முழுக்க, சுவர்களில் ஓடு உதிர்ந்த சதுரங்கள் தெரிந்துகொண்டே இருந்தன. அவை எல்லாமே திருட்டு என்று சொல்ல முடியாது. ஆனாலும் ஒவ்வொன்றிலும் அந்த விரல்நுனியைத் தேடினேன்.

சந்தைக்குப் பக்கத்திலேயே வெள்ளைக் குவிமாடத்தோடு சாந்தா எங்ராசியா கோயில். 1682இல் தொடங்கிய திருப்பணி 1966இல்தான் முடிந்தது. முடியாமல் இழுக்கும் எந்த வேலையையும் "எங்ராசியா வேலை" என்று சொல்வது இந்த ஊர் வழக்கமாகிவிட்டது. இப்போது அது நாட்டின் பெரியவர்கள் உறங்கும் தேசிய நினைவாலயம்.

அங்கிருந்து அல்ஃபாமா. இறங்கினோம் என்று ஒரு சொல்லில் எழுதிவிடலாம், முழங்காலுக்குத்தான் தெரியும் எத்தனை படி என்று. 1755இல் பாய்ஷா நொறுங்கியபோது, பாறைமேல் நின்ற இந்தக் குன்றின் வீடுகள் பெரும்பாலும் தப்பின. அதனால் அரபு ஆட்சிக் காலத்துச் சந்து அமைப்பு இன்னும் இருக்கிறது. பெயரே "அல்-ஹம்மா" என்ற அரபுச் சொல்; வெந்நீர் ஊற்று. வரைபடத்தை நம்பிப் பயனில்லை. அருகருகே காட்டும் இரண்டு சந்துகளுக்கு இடையே மூன்று மாடி உயரம் இருக்கும். சில இடங்களில் இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கிக் கதவு நிலையில் நிற்க வேண்டும். அப்படி ஒதுங்கியபோதெல்லாம் சமையலறைகளிலிருந்து வந்த பூண்டு, வதக்கிய வெங்காயம், பொரிக்கும் மீன் வாசனைகளை வைத்தே வழியை நினைவில் வைத்துக்கொண்டோம்.

தலைக்குமேல் கொடிகளில் துணி. சந்து முழுக்க, எல்லா மாடியிலும். ஒரு முதியவர் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே விட்டு, வாயில் இரண்டு கிளிப்பைக் கவ்விக்கொண்டு உலர்த்திக்கொண்டிருந்தார். காற்றில் ஒன்று கழன்று என் தோளில் விழுந்தது. மேலிருந்து ஏதோ சொன்னார், மருமகள் சிரித்தாள்.

"என்ன சொல்கிறார்?"

"உங்கள் தோளில் இருப்பது அவருடைய துவால்யா. கொண்டு வந்து கொடுக்க முடியுமா என்று கேட்கிறார்."

துவாலை. இரண்டு மாடி ஏறிக் கொண்டு போய்க் கொடுத்தேன். மரப்படி நடுவில் தேய்ந்து குழி விழுந்திருந்தது. அவர் கதவைத் திறந்து, இரு கையாலும் வாங்கிக்கொண்டு, ஒரு தட்டில் உலர்ந்த அத்திப்பழம் நீட்டினார். அவருடைய சந்தில் முன்பு எல்லா வீட்டிலும் ஆள் இருந்தார்களாம். இப்போது கீழ்த்தளமும் எதிர்வீடும் சுற்றுலாக்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விடப்படுகின்றன, பெட்டிச் சக்கரச் சத்தத்தில்தான் விழிக்கிறேன் என்று மருமகளிடம் சொன்னார். என் பெட்டிக்கும் சக்கரம் உண்டு. கிராசாவில் அதைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம் என்று தோன்றியது.

கீழே ஆற்றை ஒட்டி "மன்னர் நீரூற்று". 1551இல் நகரசபை அதன் ஆறு குழாய்களையும் இன்னின்னார் இன்னின்னதில்தான் பிடிக்க வேண்டும் என்று பிரித்து விதி போட்டது. அடிமைகளும் கறுப்பர்களும் ஒரு குழாயில், வெள்ளைக்காரப் பெண்கள் வேறொன்றில். தண்ணீருக்கு வரிசை பிரித்த கதை நமக்குப் புதியதா? அந்த வளைவுகளுக்கு முன்னால் நின்றபோது வயிறு இறுகியது. இன்று அங்கே தண்ணீர் பிடிக்க யாரும் வருவதில்லை.

நான் மிகவும் எதிர்பார்த்த இடத்தைக் கடைசியாக வைத்திருந்தாள். பேராலயத்துக்குக் கீழே ஒரு சிறிய கோயில். பதுவை அந்தோணியார் என்று நம் ஊர்களில் தெருவுக்கொரு கெபி கட்டிக் கும்பிடுகிறோமே, காணாமல் போன பொருளைக் கண்டுபிடித்துத் தரச்சொல்லி நேர்ந்துகொள்கிறோமே, அவர் பிறந்த இடம் இது என்பது மரபு. 1195ஐ ஒட்டிப் பிறந்தார், பெயர் ஃபெர்னாந்து. 1231இல் இத்தாலியில் பதுவை நகரில் இறந்ததால் அந்த ஊர்ப் பெயர் சேர்ந்துகொண்டது. லிஸ்பன்காரர்கள் இதை ஒப்புக்கொள்வதே இல்லை. அவர் லிஸ்பன் அந்தோணியார்தான். நிலநடுக்கத்தில் இடிந்த கோயிலை மீண்டும் கட்டப் பிள்ளைகள் தெருவில் நின்று "அந்தோணியாருக்கு ஒரு காசு" என்று கேட்டுச் சேர்த்தார்களாம். ஜூன் 12 இரவு இந்தக் குன்று முழுக்க மத்தி மீன் சுடும் புகையாக இருக்கும், காதலர்கள் சிறு துளசித் தொட்டியில் காகிதப் பூவும் கவிதையும் செருகிக் கொடுத்துக்கொள்வார்கள் என்று மருமகள் சொன்னாள்.

நிலவறைக்கு இறங்கினோம். மெழுகுவத்திச் சூடு. என் அம்மா செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தோணியார் கோயிலுக்குப் போவார், நாங்கள் வேறு சமயம் என்றாலும். அவர் பெயரில் ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன். அதற்குமேல் இன்று எழுத முடியாது.

மூன்றாம் நாள், ஞாயிறு

நேற்றைய படிகளின் விலையைக் கால்கள் இன்று கேட்கின்றன. அதனால் பெலேமுக்கு டிராமில் போனோம், அது நடைக்குள் சேராது.

ஜெரோனிமுஷ் மடத்தில் பெருங்கூட்டம். உள்ளே வாஸ்கோ ட காமாவின் கல்லறை: கூப்பிய கையோடு கல்லில் படுத்திருக்கிறார். 1524இல் கொச்சியில் இறந்து, அங்கேயே புதைக்கப்பட்டு, 1539இல் கடல் வழியாகக் கொண்டு வரப்பட்ட உடல். மக்கள் படம் எடுத்தபடி கடந்தார்கள். எனக்கு நிற்கத் தோன்றவில்லை.

நான் பெலேமுக்கு வந்ததற்குக் காரணம் வேறு. 1554இல் இதே லிஸ்பனில், மன்னர் மூன்றாம் ஜுவாவின் ஆணைப்படி ஒரு சிறிய ஞானோபதேச நூல் அச்சானது. போர்ச்சுகீசிய மொழியும் தமிழும் சேர்ந்தது. தமிழ் முழுக்க ரோமன் எழுத்தில். தமிழ் மொழி முதன்முதலில் அச்சு ஏறியது அந்த நூலில்தான். கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே "தம்பிரான் வணக்கம்" அச்சானது அதற்கு 24 ஆண்டுகள் கழித்து, 1578இல். லிஸ்பன் நூலைத் தமிழாக்கியவர்கள் மூவர், நம்மவர்கள்: வின்சென்ட் த நசரேத், ஜோர்ஜ் கர்வாலு, தோமா த குருஸ். மூன்றும் ஞானஸ்நானப் பெயர்கள். கடற்கரை ஊர் ஒன்றில் அம்மா கூப்பிட்ட பெயர் வேறாகத்தான் இருந்திருக்கும்.

அந்த நூலின் பிரதி மடத்தின் மேற்குப் பகுதியில் இருக்கும் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு உரியது. அருங்காட்சியகம் பெரிய புதுப்பிப்பு வேலைக்காக மூடியிருக்கிறது. தெரிந்தேதான் வந்தேன். நீண்ட சுண்ணாம்புக்கல் சுவரை ஒட்டி ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடந்தேன், திரும்பவும் நடந்தேன். மருமகள் பொறுமையாக நிழலில் நின்றாள். பிறகு இருவரும் முட்டைப் பாலாடை நிரப்பிய பெலேம் பலகாரத்தை, மேலே இலவங்கப்பட்டைத் தூள் தூவி, சூட்டோடு சாப்பிட்டோம். 1837 முதல் விற்கிறார்கள் என்று பெட்டியில் போட்டிருந்தது.

நான்காம் நாள், திங்கள்

மருமகள் வகுப்புக்குப் போய்விட்டாள். தூறலில் தனியாக மோரரியாவுக்கு இறங்கினேன். இந்த ஐந்து நாளில் ஒரு பகுதிக்குத்தான் திரும்பிப் போகலாம் என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

1147இல் முதல் மன்னர் அஃபோன்சு என்ரிக்கெஷ் நகரை அரபு ஆட்சியிடமிருந்து பிடித்த பிறகு, முஸ்லிம்களைக் கோட்டைக்கு வெளியே, வெயில் குறைவான வடக்குச் சரிவில் குடியிருக்கச் செய்தார்கள். அந்த முஸ்லிம்களுக்கு ஊரார் வைத்த பெயர் "மோர்கள்". அவர்கள் வாழ்ந்த இடம் மோரரியா. 1496இல் மன்னர் மனுவேலின் ஆணை வந்தது: மதம் மாறு, அல்லது நாட்டை விட்டுப் போ. பெயர் மட்டும் தங்கிவிட்டது. ஊர் ஒதுக்கியவர்கள் எல்லாரும் அதன்பின் இங்கேதான் வந்து சேர்ந்தார்கள்.

அடிவாரத்தில் மார்த்திம் மொனிஷ் சதுக்கம். 20ஆம் நூற்றாண்டில் பழைய கீழ்மோரரியாவை இடித்து உருவாக்கிய வெட்டவெளி. இடிபாட்டில் தப்பி, ஓரத்தில் ஒற்றையாக ஒரு சின்னக் கோயில் நிற்கிறது. பெயர்ப் பலகையைப் படித்ததும் குடையை மடக்கிவிட்டு உள்ளே போய்விட்டேன். "நோசா செஞோரா த சவூத்." சவூத் என்றால் ஆரோக்கியம். ஆரோக்கிய மாதா! வேளாங்கண்ணியில் காவிக் கொடியும் காவி உடையுமாக நடந்து போகும் பக்தர்கள் கூப்பிடுகிற அதே பெயர். 1569இல் லிஸ்பனைக் கொள்ளைநோய் வாட்டியது. அது ஓய்ந்ததற்கு நன்றியாக 1570இல் தொடங்கிய மாதாவின் ஊர்வலம் இங்கே பெரும் விழா. உள்ளே சுவரின் கீழ்ப்பாதி நீல ஓடு. முன்வரிசையில் ஒரு பெண் காய்கறிப் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு கண் மூடி உட்கார்ந்திருந்தார். பையிலிருந்து ஒரு கட்டுக் கொத்தமல்லி எட்டிப் பார்த்தது. அந்த வாசனையோடு கால்மணி நேரம் அங்கே இருந்தேன்.

கோயிலை அடுத்துத் தொடங்குகிறது பென்ஃபொர்மோசு தெரு. வங்கதேசத்தவர் கடைகள்: பாகற்காய், பச்சை மிளகாய், மூட்டை அரிசி, ஊருக்குப் பணம் அனுப்பும் கடை, முடிதிருத்தகம். ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்தேன். கடைக்காரர் "எந்த ஊர்?" என்று இந்தியில் கேட்டார். தமிழ்நாடு என்றேன். "மெட்ராஸ்!" என்று முகம் மலர்ந்தது. அவருடைய அப்பாவுக்கு வேலூரில் அறுவை சிகிச்சை நடந்ததாம். அவரே கூட வந்து 22 நாள் தங்கியிருக்கிறார். "தண்ணீர், சாப்பாடு, பஸ் இந்த மூன்று சொல்லோடு சமாளித்தேன்" என்று அந்த மூன்றையும் தமிழில் சொன்னார், திருத்தமாக. தேநீருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். நான் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். தெருமுனை வரை ஓடி வந்து திருப்பிக் கொடுத்தார்.

அதற்குமேல் படிகள், படிகள். ஃபரீஞாஷ் சந்தில் சுவரிலேயே அச்சிட்ட கறுப்பு வெள்ளைப் படங்கள். கமிலா வாட்சன் என்ற புகைப்படக் கலைஞர் இங்கே பட்டறை வைத்து வாழ்ந்து, அக்கம்பக்கத்து முதியவர்களைப் படம் எடுத்து, அவர்கள் வாழ்ந்த சந்தின் சுவரிலேயே 2009இல் பதித்தார். கடன் கொடுத்த கடைக்காரர், துணி வெளுத்தவர், கைத்தடியோடு ஒருவர். சாந்து பெயர்ந்த இடத்தில் படமும் சேர்ந்தே பெயர்ந்திருக்கிறது. மழைநீர் ஒரு பாட்டியின் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது. கைக்குட்டையால் துடைத்தேன். உடனே மறுபடி வழிந்தது.

கப்பெலாவ் தெருவின் வாயிலில் கல்லில் செதுக்கிய ஒரு கித்தார். ஃபாது இசையின் தொட்டில் இது என்று எழுதியிருக்கிறது. ஃபாது, போர்ச்சுகீசியரின் சோகப் பாட்டு. மரியா செவேரா இந்தத் தெருவில் வாழ்ந்து பாடியவர். 1846இல் 26 வயதில் இறந்துபோனார். ஏழைச் சாராயக் கடைகளில் பாடப்பட்ட அந்த இசையை 2011இல் யுனெஸ்கோ மானுடத்தின் மரபுச் செல்வங்களில் சேர்த்தது. இரவில் டிக்கெட் எடுத்துக் கேட்கலாம் என்று நினைத்திருந்தேன். தேவைப்படவில்லை. மாலை 5 மணிக்கு, மூடிய கதவுக்குப் பின்னால் யாரோ ஒருவர் ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடிப் பழகிக்கொண்டிருந்தார். கடைசிச் சொல்லில் குரல் ஏறும் இடத்தில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து. ஏழாவது தடவை அது வந்துவிட்டது. அவர் நிறுத்திவிட்டார். ஒப்பாரி கேட்டு வளர்ந்தவனுக்கு அந்தக் குரலின் உடைவுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

ஐந்தாம் நாள், செவ்வாய்

பிக்கா சரிவில் நடைபாதை வேலை நடந்துகொண்டிருந்தது. லிஸ்பனின் நடைபாதை முழுக்க வெள்ளைச் சுண்ணாம்புக் கற்களும் கறுப்புக் கற்களும் கையால் பதித்தவை. 1842இல் கோட்டைப் படைமுகாமில் கைதிகளைக் கொண்டு தொடங்கிய வேலை. 1849இல் ரொசியு சதுக்கத்தில் கறுப்பு வெள்ளை அலையாக விரிந்தது. கற்றுக்கொள்ள ஆள் குறைந்ததால் 1986இல் நகரசபை இதற்கென்று ஒரு பள்ளியே தொடங்கியது.

கல் பதிக்கிறவர் தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்திருந்தார். இடது உள்ளங்கையில் ஒரு கல். வலக்கையில் சின்னச் சுத்தி. கல்லைத் திருப்புகிறார், தட்டுகிறார், ஒரு சில்லு தெறிக்கிறது. திருப்புகிறார், தட்டுகிறார். நான்காவது தட்டில் அது பக்கத்துக் கல்லோடு பொருந்தும் வடிவத்துக்கு வந்துவிடுகிறது. அளவுகோல் எதுவும் இல்லை. மணல் படுக்கையில் வைத்து, சுத்தியின் பின்புறத்தால் இரண்டு தட்டு. அடுத்த கல். அரைமணி நேரத்தில் ஒரு தாம்பாளத்தின் அளவு நிரம்பியது. பிறகு இளைஞன் ஒருவன் மண் கூடையோடு வந்து அவரை அழைத்தான்: "மெஷ்த்ரெ!"

மேஸ்திரி! நான் திரும்பிவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார். என்னவென்று விளக்க எனக்கு மொழி இல்லை. ஒரு வெள்ளைக் கல்லை எடுத்து என் கையில் வைத்தார். நான் நினைத்ததைவிடக் கனம். வெட்டிய முகம் சர்க்கரைக் கட்டிபோல மினுங்கியது. திருப்பிக் கொடுத்தேன். நான் கொடுத்த அதே கல்லைத்தான் அடுத்துப் பதித்தார்.

பிக்காவைத் தாண்டி மேற்கே போனால் போசு துஷ் நெக்ருஷ் தெரு வருகிறது. "கறுப்பர்களின் கிணறு." இறந்த அடிமைகளின் உடல்கள் தெருவிலும் குப்பையிலும் வீசப்பட்டுக் கிடப்பதால், அவற்றைப் போட ஒரு குழி தோண்டிச் சுண்ணாம்பு இட வேண்டும் என்று 1515இல் மன்னர் மனுவேல் கடிதம் எழுதினார். அந்தக் குழியிலிருந்தே தெருவுக்குப் பெயர் வந்ததாகப் பலரும் சொல்கிறார்கள். இப்போது நல்ல காபிக் கடைகள், செடி விற்கும் கடை, பிள்ளைகளின் தள்ளுவண்டிகள். ஐந்து நாளாகச் சொற்களைப் பொறுக்கி மகிழ்ந்துகொண்டிருந்தேன். அந்தச் சொற்கள் வந்த கப்பல்களில் வேறென்ன ஏற்றினார்கள் என்பதை இந்தப் பலகை கண்ணுக்கு நேரே சொல்கிறது. காபி குடிக்காமல் நடந்தேன்.

மீனவர் குடியிருப்பாக இருந்த மத்ரகோவாவின் சந்துகளைக் கடந்ததும், நான் இந்த நடைக்கே இலக்காக வைத்திருந்த தெரு: ஜனேலாஷ் வெர்தெஷ். பச்சை ஜன்னல்கள் தெரு. பெயரை வரைபடத்தில் முதலில் பார்த்தபோதே இங்கே முடிக்க வேண்டும் என்று நினைத்தேன். தேசியப் பழங்கலை அருங்காட்சியகம் இந்தத் தெருவில்தான் இருக்கிறது. ஊர்க்காரர்கள் அதையே "பச்சை ஜன்னல்" என்று அழைக்கிறார்கள்.

உள்ளே ஒரே ஒரு பொருளின் முன் நின்றேன். 1600ஐ ஒட்டி ஜப்பானிய ஓவியர்கள் மடக்குத் திரைகளில் வரைந்தது: கோவாவிலிருந்து நாகசாகிக்கு வந்த போர்ச்சுகீசியக் கப்பலும் அதிலிருந்து இறங்கும் ஊர்வலமும். பொன் தகட்டுப் பின்னணி. நீண்ட மூக்கு, உப்பிய கால்சட்டையோடு வணிகர்கள். பாய்மரக் கயிறுகளில் கரிய மனிதர்கள் ஏறித் தொங்குகிறார்கள். தலைவனுக்குப் பின்னால் குடை பிடித்து வருகிறவனும் கரியவன். ஓவியர் அவன் முகத்தை அவசரமாகப் போடவில்லை. புருவம், விரல்கள், குடைக்காம்பைப் பிடித்திருக்கும் இறுக்கம் எல்லாம் இருக்கிறது. ஆப்பிரிக்கக் கரையோ, நம் கரையோ, அவன் எந்தக் கரையிலிருந்து ஏற்றப்பட்டவன் என்று படத்தில் இல்லை. வின்சென்ட், ஜோர்ஜ், தோமா என்ற அந்த மூவரின் நினைவு வந்தது. கண்ணாடிக்கு மிக அருகில் போய்விட்டேன் போலும். காவலர் வந்து மென்மையாக "செஞோர்" என்றார். இரண்டு அடி பின்வாங்கி, மூடும் மணி அடிக்கும்வரை நின்றேன்.

வெளியே வந்தபோது தெருவில் விளக்கு போட்டிருந்தார்கள். பச்சை வண்ணத்தில் சில ஜன்னல்கள் இருந்தன. வெள்ளையும் பழுப்புமே மிகுதி. மருமகள் அழைத்தாள்.

"எங்கே இருக்கிறீர்கள், மாமா?"

சொன்னேன்.

"அவ்வளவு தூரம் நடந்தா போனீர்கள்? டிராமில் வந்துவிடுங்கள். வரும்போது பாவ் வாங்கி வாருங்கள், இரவுக்கு ஒன்றும் இல்லை."

முனையில் ஒரு ரொட்டிக் கடை திறந்திருந்தது. சூடாக ஒரு பாவ் வாங்கிக் காகிதத்தோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு, கிராசா மேட்டை நோக்கி நடந்தே ஏறினேன்.